ஊசிப்பேனா எங்கே கிடக்கு?



போன எபிசோட்டில் ஒரு அட்ரினலின் பேனாவை மேசையில் வைத்து, அது எப்படி வேலை செய்யுது எண்டு முக்கால் மணித்தியாலம் கதைச்சனாங்கள். (பயிற்சிப் பேனாதான், உள்ளுக்குள் ஊசி இல்லை. அம்மா, கவலைப்படாதேங்கோ.) பிறகு வந்த குரல்பதிவுகளில் அரைவாசிக்கு மேல ஒரே கேள்வி: இதுக்கு ஆப் ஏதும் இருக்கா? பொதியை ஸ்கேன் பண்ணினால் இதில் கச்சான் இருக்கு எண்டு சொல்லுற மாதிரி, பேனா பள்ளிக்கூடத்தில் கிடக்கா வீட்டில் கிடக்கா எண்டு காட்டுற மாதிரி?

இருக்கு. அதுக்குக் கீழே வாறன். முதலில், எபிசோட்டில் சொல்லாமல் விட்ட ஒரு கதை. நேரம் காணாது எண்டு சொன்னது பொய். வெட்கம்தான் காரணம்.

எனக்கு அப்ப 14 வயது. சித்தியின் மகன் முதலாம் வகுப்பில் சேருகிறான். சித்தி வீடு வியா மக்வேதாவில் இருந்து பல்லரோ சந்தைப் பக்கம் இறங்கிற ஒரு ஒழுங்கையில். சித்தியின் இத்தாலி மொழி கடைக்கும் வேலை செய்யிற வீட்டுக்கும் போதும், பள்ளிக்கூடப் படிவத்துக்குப் போதாது. ஆகவே வழமை போல நான் போனேன். இதை வாசிக்கிற கனபேருக்கு அந்தக் கதிரையைத் தெரியும்: செக்ரெத்தெரியாவில் அம்மாவுக்கும் அலுவலருக்கும் நடுவில் போடப்படுகிற கதிரை. வங்கி, ஆஸ்பத்திரி, குவெஸ்தூரா, எல்லா இடத்திலும் அது எங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்கும்.

பிள்ளைக்கு ஏதும் அலெர்ஜி இருக்கா எண்டு கேட்டார்கள். நான் சித்தியைப் பார்த்தேன். சித்தி சொன்னா: “கஜு அவனுக்குக் கிரந்தி.” நான் அதை மொழிபெயர்த்தேன்: முந்திரி சாப்பிட்டால் தோல் கடிக்கும். அலுவலர் எழுதினார்: தோல் எரிச்சல். மூண்டு பேரும் திருப்தியாக எழும்பி வந்தோம்.

சித்தி பிழையாகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் கிரந்தி எண்டது ஒரு முழு அகராதி. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு கிரந்தி. புண் இருந்தால் சாப்பிடக்கூடாது, கடி வந்தால் சாப்பிடக்கூடாது, மாறின பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். அந்தச் சொல்லுக்குள் ஒரு நிம்மதி இருக்கு. கிரந்தியால் ஆரும் செத்ததாக ஊரில் கதை இல்லை. ஆனால் அதே சொல்லுக்குள் சித்தி வேறொன்றையும் வைத்திருந்தா. போன நத்தாருக்குப் பாயாசம் குடிச்ச பத்து நிமிசத்தில் அவன் சத்தி எடுத்ததும், குரல் அடைச்சதும், கண் வீங்கினதும், பிறகு துவண்டு நித்திரை கொண்டதும். வீட்டில் செமிக்கேல்லை எண்டு நினைச்சார்கள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் எண்டு எனக்குத் தெரியவும் இல்லை.

ஒரு உணவால் தோலில் மட்டும் ஏதும் வந்தால் அது ஒரு விசயம். தோலோடு சேர்த்து வயிறு, மூச்சு, இரத்த ஓட்டம் எண்டு இரண்டாவது இடத்திலும் கெதியாகத் தொடங்கினால் அது அனாஃபிலாக்சிஸ். (சிலவேளை தோலில் ஒன்றுமே இல்லாமல், நேராக மூச்சிலேயே தொடங்கும்.) உடம்பு அந்த உணவின் புரதத்தை எதிரி எண்டு முன்னமே குறிச்சு வைத்திருக்கும். திரும்பச் சந்திச்ச உடனே மாஸ்ட் செல்கள் வெடிச்ச மாதிரி ஹிஸ்டமினையும் வேறு பல பொருட்களையும் கொட்டும். இரத்தக் குழாய்கள் விரிஞ்சு கசியும், அமுக்கம் விழும். தொண்டை வீங்கும், மூச்சுக்குழாய் சுருங்கும். இந்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எதிர்த்திசைக்குத் திருப்புகிற மருந்து ஒன்றுதான்: அட்ரினலின். குழாயை இறுக்கும், மூச்சுக்குழாயைத் திறக்கும், இதயத்தைத் தள்ளும், மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் குறைக்கும். வீட்டு அலுமாரியில் இருக்கிற அலெர்ஜிக் குளிசை, அதுதான் அன்ரிஹிஸ்டமின், ஹிஸ்டமினை மட்டும் மறிக்கும். கடியைக் குறைக்கும், மூச்சைத் திறக்காது. அதை முதலில் குடுத்துவிட்டு “பொறுத்துப் பார்ப்பம்” எண்டு இருக்கிற இருபது நிமிசம் சில பிள்ளைகளுக்கு இருந்ததில்லை.

சரி, மீதிக் கதை. அடுத்த வருசம் மாசி மாதம், ரிக்ரியசியோனே நேரம். வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். பெட்டி நிறையச் சின்னச் சின்னக் கொர்னெத்தோ, உள்ளுக்குப் பச்சைக் கிரீம். பிஸ்தாக்கியோ. அவனுக்கு முந்திரிதான் கூடாது, இது முந்திரி இல்லையே. ஒன்று சாப்பிட்டான். கன்னம் சிவந்தது. மாஎஸ்த்ரா படிவத்தைப் பார்த்தா. அதில் தோல் எண்டு இருந்தது. ஆகவே தோலுக்குச் செய்ய வேண்டியதை அவ செய்தா: முகத்தைக் குளிர்தண்ணியால் கழுவி, ஜன்னலடியில் இருத்தினா. அவன் இருமத் தொடங்கின பிறகுதான் அம்புலன்ஸ். வந்தவர்கள் தொடையில் அட்ரினலின் அடிச்சார்கள். பிழைச்சான். அந்தப் படிவத்தில் இருந்த கையெழுத்து சித்தியுடையது, சொல் என்னுடையது.

முந்திரியும் பிஸ்தாவும் ஒரே தாவரக் குடும்பம் எண்டும், ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மற்றதும் கூடாது எண்டும் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். பிஸ்தா இல்லாத பேஸ்ட்ரிக் கடையைச் சிசிலியில் தேடிப் பாருங்கோ. பாயாசத்தில் கஜு போடுகிற வீட்டுப் பிள்ளை, எல்லாவற்றிலும் பிஸ்தா போடுகிற ஊரில் வளருது.

சுலபமான பகுதி

எபிசோட் கேட்காதவைக்குச் சுருக்கமாக. பேனாவுக்குள் ஒரு இறுகின ஸ்பிரிங், ஒரு டோஸ் மருந்து, மறைஞ்சிருக்கிற ஊசி. பாதுகாப்பு மூடியைக் கழட்டி, தொடையின் வெளிப்பக்க நடுவில் இறுக்கி அமத்தினால் ‘கிளிக்’. ஜீன்ஸ் மேலாலேயே அடிக்கலாம். பொக்கெற்றில் திறப்போ போனோ இல்லாத இடமாகப் பாருங்கோ, அவ்வளவுதான். எத்தனை விநாடி பிடிக்க வேண்டும் எண்டது பிராண்டுக்குப் பிராண்டு வேறு. நிறமும் வேறு: எபிபென்னில் நீல மூடி மேலே, ஊசி வாற பக்கம் செம்மஞ்சள், ஜெக்ஸ்டில் மூடி மஞ்சள், ஊசி வாற பக்கம் கறுப்பு. ஒன்றில் பழகின கை மற்றதைத் தலைகீழாகப் பிடிக்கும். அப்படிப் பிடிச்சுத் தங்கட பெருவிரலிலேயே ஊசி ஏத்தினவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளையிடம் எந்தப் பிராண்ட் இருக்கோ அதே பிராண்டின் பயிற்சிப் பேனாவில் பழகுங்கோ.

இந்த யோசனை பள்ளிக்கூடத்துக்காகப் பிறந்ததில்லை. நரம்பு வாயுத் தாக்குதலில் ஒரு சிப்பாய் தனக்குத்தானே மாற்று மருந்து ஏற்றுவதற்கு எண்டு அமெரிக்க இராணுவத்துக்காக ஷெல்டன் கப்லான் எண்ட பொறியியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970களில் செய்த கருவியின் பிள்ளை இது. பயத்தில் கை நடுங்குகிற, மருத்துவம் தெரியாத ஒருவர், உடுப்பைக் கழட்டாமல், ஒரே அசைவில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் எண்டதுதான் முழு வடிவமைப்பும். 1987இல் எபிபென்னுக்கு அமெரிக்க அனுமதி கிடைச்சது. (பிறகு அங்கே ஒரு சோடியின் விலை 100 டொலர் அளவில் இருந்து 600 டொலர் வரை போன கேவலத்தை எபிசோட்டில் திட்டித் தீர்த்துவிட்டேன். இத்தாலியில் ஆபத்து உள்ள பிள்ளை எண்டு நிபுணர் எழுதினால் பொதுச் சுகாதாரச் சேவையூடாக இலவசமாகக் கிடைக்கும். சித்திக்கு அதுவும் தெரியாமல் இருந்தது.)

ஆகப் பேனாவின் வேலை சில விநாடி. பிரச்சினை முழுவதும் பேனாவுக்கு முதல் இருக்கிற தூரத்தில் கிடக்கு.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில், பெம்புரோக் எண்ட ஊரில் சப்ரினா ஷனொன் எண்டு ஒரு பிள்ளை. பால், கச்சான், சோயா கூடாது. ரொறொன்ரோக் கேட்பவர்களுக்குப் பெயர் தெரிஞ்சிருக்கும். 10 வயதிலேயே தன் ஒவ்வாமை பற்றி சிபிசி வானொலிக்கு ஒரு ஒலி நிகழ்ச்சி செய்தவ. எங்கட ஆள் எண்டே சொல்லலாம். 2003 செப்ரெம்பரில், 13 வயதில், பள்ளிக்கூட உணவகத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கினா. முதலும் வாங்கிச் சாப்பிட்டதுதான். ஆனால் அண்டைக்குப் பொரியல் எடுத்த இடுக்கி, சீஸ் போடுகிற பூத்தீனிலும் பட்டிருந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கின போது அவ ஆஸ்த்மா எண்டு நினைச்சா. பேனா வேறிடத்தில், அவவின் லொக்கருக்குள் கிடந்தது. எடுத்து வர ஓடினார்கள். அது வந்து சேர முதல் இதயம் நிண்டுவிட்டது. அடுத்த நாள் இறந்தா.

அவவின் அம்மாவும் மற்றவர்களும் போராடி, 2005இல் ஒன்ராறியோ ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2006 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த அதுக்குப் பெயரே சப்ரினாவின் சட்டம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அனாஃபிலாக்சிஸ் திட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம், ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி. இது அனாஃபிலாக்சிஸ் எண்டு நினைக்கக் காரணம் இருந்தால், முன் அனுமதி இல்லாட்டியும் ஊழியர் மருந்தைக் குடுக்கலாம். ஸ்காபரோவில் படிச்ச உங்கட மச்சான்மார் எல்லாரும் இந்தச் சட்டத்துக்குள் வளர்ந்தவர்கள்தான்.

லண்டன் கதை வேறு மாதிரி. 2017 யூன் மாதம், மேற்கு லண்டனில் 13 வயது கரன்பீர் சீமாவின் மேல் இன்னொரு மாணவன் சின்னத் துண்டு சீஸ் ஒன்றை எறிஞ்சான். விளையாட்டு எண்டு நினைச்சு. கரன்பீருக்குப் பால் கடுமையான ஒவ்வாமை. பேனா பள்ளிக்கூடத்தில் இருந்தது. கைக்கெட்டின தூரத்திலும் இருந்தது. ஆனால் காலாவதியாகிப் பல மாதம். சில நாளைக்குப் பிறகு, யூலை 9, ஆஸ்பத்திரியில் இறந்தான். சீஸ் தோலில் பட்டு இப்படி நடப்பது மிக மிக அரிது, அதை நினைச்சு நித்திரையைக் கெடுக்க வேண்டாம். பேனாவின் திகதியை ஆரும் பார்க்காமல் விடுவது அரிதே இல்லை. அதே வருசம் ஒக்டோபரில் இருந்து பிரித்தானியப் பள்ளிக்கூடங்கள் தனிப்பட்ட பிள்ளையின் பெயரில் மருந்துச்சீட்டு இல்லாமலே மேலதிகப் பேனா வாங்கி வைக்கலாம் எண்டு சட்டம் மாறியது.

எங்கட பக்கத்துக் கடதாசி

இத்தாலியில் இதுக்கான அடிப்படை 2005 நவம்பர் 25இல் கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைகள். அதில் உள்ள ஒழுங்கு இது: பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும். கூடவே வைத்தியச் சான்று: என்ன வருத்தம், என்ன மருந்து, எப்படி வைக்கிறது, எவ்வளவு, எப்ப குடுக்கிறது. பிறகு பிரெசிடே மருந்து வைக்க ஒரு இடம் ஒதுக்கி, குடுக்க முன்வாற ஊழியர்கள் ஆர் எண்டு பார்க்க வேண்டும். முன்வாற எண்டதுதான் இதில் பலவீனமான சொல். ஒருவரும் கை உயர்த்தாட்டி, வெளி அமைப்புகளோடு ஒழுங்கு செய்யலாம். அதுவும் சரிவராட்டிக் குடும்பத்துக்கும் நகரத்து சிந்தக்கோவுக்கும் அறிவிக்க வேண்டும். ஒன்ராறியோவில் சட்டம் சொல்லுறதை இங்கே பரிந்துரை கேட்டுக்கொள்ளுது.

அதே கடதாசியில் எங்களுக்கு உதவுகிற ஒரு வசனமும் உண்டு: ஊழியரிடம் கேட்கிற உதவிக்கு சிறப்பு மருத்துவ அறிவோ, சொந்தமாக முடிவெடுக்கிற அதிகாரமோ தேவைப்படக்கூடாது. பயந்த ஆசிரியருக்கு இதைத்தான் காட்ட வேண்டும். பேனா செய்யப்பட்டதே அதுக்காகத்தான். “இந்த அறிகுறி வந்தால் உடனே அடியுங்கோ” எண்டு வைத்தியர் தெளிவாக எழுதித் தந்தால் அவ முடிவெடுக்கத் தேவையில்லை, வாசிச்சால் போதும். “தேவைப்பட்டால் பாவிக்கவும்” எண்டு எழுதின சான்றை வாங்கிக்கொண்டு வெளியில் வராதேங்கோ. அங்கேயே இருந்து திருப்பி எழுதக் கேளுங்கோ.

கடதாசி குடுத்த பிறகு கேட்க வேண்டியது தொழில்நுட்பக் கேள்வி ஒன்றும் இல்லை. அலுமாரிக்குப் பூட்டு இருக்கா? திறப்பு ஆரிட்ட? பிதெல்லாவிடம் எண்டால் அவ லீவில் நிக்கிற நாள்? பலெஸ்த்ராவில் விளையாடுகிற நேரம் பேனா எங்கே? ஜீத்தாவுக்குப் போற பஸ்ஸில் ஆரின் பையில்? சுப்ளெந்தே வந்தால் அவவுக்கு ஆர் சொல்லுவினம்? எனக்கு ஒரு அளவுகோல் உண்டு: அழைச்சு ஐந்து நிமிசத்துக்குள் பேனா பிள்ளையின் தொடையில் இருக்க வேண்டும். நேரம் பார்த்து ஒருக்கா நடந்து பாருங்கோ. பழைய கட்டிடங்களில் மூண்டாம் மாடிக்கும் செக்ரெத்தெரியாவுக்கும் நடுவில் இருக்கிற படிகள் அந்தக் கணக்கைக் குழப்பும்.

இன்னொன்று. வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் பள்ளிக்கூட உணவகத்தைப் பற்றியே பேசும். சிசிலியில் முழுநாள் வகுப்புகள் மிகக் குறைவு. மதியத்தோடு கன பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மென்சா இருக்கிற இடத்தில் சான்று குடுத்தால் தனிச் சாப்பாடு கேட்கலாம். ஆனால் பதினொரு மணி மெரெண்டாவுக்கு மெனு இல்லை, சமையல்காரர் இல்லை. ஒருவர் கையில் இருந்து இன்னொருவர் வாய்க்குப் போகும். ஆபத்து அங்கேதான்.

ஜுஜ்ஜுலேனா, ஜிஞ்செல்லி, எள்ளு

இப்ப ஆப் கதை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஒழுங்குவிதி 2014 டிசம்பர் 13இல் இருந்து 14 ஒவ்வாமைப் பொருட்களைப் பொதியில் மற்ற எழுத்தில் இருந்து பிரிச்சுக் காட்டச் சொல்லுது, பெரும்பாலும் தடித்த எழுத்தில். அந்தப் பட்டியலில் கச்சான், கஜு, மீன், இறால், பால், முட்டை, கோதுமை எல்லாம் இருக்கு. எங்கட சமையலைத் தெரிஞ்சுகொண்டு எழுதின மாதிரி எள்ளும் கடுகும் கூட இருக்கு. தேங்காய் இல்லை. கடலைப் பருப்பு, உளுந்து இல்லை. ஆகவே தேங்காயோ கடலையோ கூடாத பிள்ளைக்குத் தடித்த எழுத்தை மட்டும் பார்த்தால் காணாது, முழுப் பட்டியலையும் வாசிக்க வேணும். அமெரிக்காவில் எள்ளு 2023இல்தான் சேர்ந்தது, கடுகு இன்னும் இல்லை. அங்கே இருந்து மாமி கொண்டுவாற பொதிகளுக்கு இது ஞாபகம் இருக்கட்டும்.

போனின் கமராவால் மொழிபெயர்க்கிறது நல்லது, நானும் பாவிக்கிறேன். ஆனால் அது தடுக்கி விழுகிற இடம் எங்கட கடைகள்தான். நல்லெண்ணெய்ப் போத்தலில் பெரிசாக ஜிஞ்செல்லி ஒயில் எண்டு இருக்கும். எள்ளு எண்ட சொல்லைத் தேடுகிற பிள்ளைக்கு அது ஒன்றும் சொல்லாது. பின்னால் ஒட்டின இத்தாலி ஸ்டிக்கரில் செசமோ இருக்க வேண்டும், அது கிழிஞ்சு போயிருக்கலாம். பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். கட்டச் சம்பலில் மாசி, அதாவது மீன். பொதியில் வாற ஜெனோவா பெஸ்தோவில் பைன் விதைக்குப் பதிலாக அனகார்தி, அதாவது கஜு, போடுவது சர்வ சாதாரணம். முறுக்கில் எள்ளு, மிக்சரில் கச்சான். இதைவிட, எள்ளெண்ணெய் பெரும்பாலும் சுத்திகரிக்காமல் வாற எண்ணெய். புரதம் உள்ளுக்கேயே இருக்கும். சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெயும் முட்டையும் பருக்குகிற வீடுகள் பலெர்மோவிலும் உண்டு. எள்ளு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது சடங்கு இல்லை, ஆபத்து.

பலெர்மோப் பாணிலும் மேலே எள்ளு. இங்கத்தை ஆக்கள் அதை ஜுஜ்ஜுலேனா எண்டுதான் சொல்லுவினம். அரபு மொழியின் ஜுல்ஜுலான் எண்ட சொல்லில் இருந்து வந்தது. ஜிஞ்செல்லியும் அதே சொல்லில் இருந்து, போர்த்துக்கேயர் வழியாக எங்கட பக்கம் வந்தது. பல்லரோவில் பாண் வாங்குகிற சிசிலி மூதாட்டியும் நல்லெண்ணெய் வாங்குகிற சித்தியும் ஒரே சொல்லைத்தான் சொல்லுகினம், எந்த ஆப்புக்கும் அது தெரியாது.

‘புவோ கொந்தெனேரே’, இருக்கலாம், எண்டு பொதியில் வாற வசனம் தயாரிப்பாளர் தானாக விரும்பிப் போடுகிறது. அது இல்லாத பொதி சுத்தம் எண்டு அர்த்தம் இல்லை. பொதி இல்லாமல் விற்கிற சாப்பாட்டுக்கு, 2017ஆம் ஆண்டின் 231ஆம் இலக்க ஆணையின்படி, இத்தாலியில் கடைக்காரர் ஒவ்வாமைத் தகவலை எழுத்தில் காட்ட வேணும். சங்கடப்படாமல் கேளுங்கோ. எங்கட கடைகளிலும் கேளுங்கோ.

பேனா எங்கே எண்டு காட்டுகிற உறை, டிராக்கர் எல்லாம் விற்குது. என் கருத்தில் அதுக்குக் குடுக்கிற காசுக்கு இரண்டாவது பேனா முக்கியம். முதலாவது அடிச்சு 5 நிமிசத்தில் திருத்தம் இல்லாட்டி இரண்டாவது தேவைப்படும். போனில் காலாவதித் திகதிக்கு ஒரு மாதம் முதல் ஒரு அலாரம் போடுங்கோ. அவ்வளவுதான் நான் நம்புகிற ஆப். அதோடு 150 மைக்ரோகிராம் பேனா சின்னப் பிள்ளைக்கு; 25–30 கிலோ வரும்போது 300க்கு மாற்றுவது பற்றி வைத்தியரைக் கேட்க வேணும். பிள்ளை வளர்ந்த கெதியில் பேனா வளராது.

புதுசாக வந்திருக்கிறது மூக்கில் அடிக்கிற அட்ரினலின். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 2024 ஓகஸ்ட் மாதம் அனுமதி கிடைச்சது, முதலில் 30 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஊசிக்குப் பயந்து பிந்துகிற கைகளுக்கு இது பெரிய விசயம். ஆனாலும் பூட்டின அலுமாரிக்குள் ஸ்பிரேயும் வேலை செய்யாது.

வெக்கையைப் பற்றி எபிசோட்டில் சொன்னதை எழுத்திலும் போட்டு வைக்கிறேன். அட்ரினலின் வெளிச்சத்திலும் சூட்டிலும் கெடும். 25 பாகைக்கு மேலே வைக்கவும், ஃப்ரிட்ஜுக்குள் வைக்கவும் கூடாது. ஜன்னலால் பாருங்கோ: மருந்து நிறமில்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். மண்ணிறமாகினால் மாற்றுங்கோ. ஓகஸ்டில் பலெர்மோவில் நிற்பாட்டின கார் ஒரு வெதுப்பகம்.

ஞாயிறு வகுப்பு

இத்தாலிப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லுறது லேசு. எங்கட தமிழ் வகுப்புக்கு வாருங்கோ. அங்கே பிரெசிடேயும் இல்லை, சான்றும் இல்லை, அலுமாரியும் இல்லை. சரஸ்வதி பூசைக்கு அவல், கடலை, எள்ளுருண்டை. ஒளி விழாவுக்குக் கேக். நடன அரங்கேற்றத்துக்குப் பத்து வீட்டில் இருந்து பத்துச் சட்டி. ஆர் என்ன போட்டது எண்டு ஆருக்கும் தெரியாது. ஒவ்வாமை உள்ள பிள்ளையின் பேனா கிழமை நாளில் பள்ளிக்கூடத்தில் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமையும் அங்கேயேதான் கிடக்கும், பிள்ளை இங்கே நிக்கும். பெரியாக்கள் “ஒரு வாய் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது” எண்டு அன்போடு ஊட்டுவினம். அந்த அன்பை மறிக்கக்கூடிய ஆள் அம்மா இல்லை, அம்மாவுக்குச் சபைக்கூச்சம். நீங்கள்தான். மேசையில் சட்டிக்கு முன்னால் ஒரு துண்டுக் கடதாசியில் என்ன இருக்கு எண்டு எழுதி வையுங்கோ. கை வைக்கிற வயதில் உள்ள இரண்டு பெடியளுக்குப் பயிற்சிப் பேனாவில் காட்டிக் குடுங்கோ. எங்கட வகுப்பில் செய்தோம், இருபது நிமிசம்கூடப் போகவில்லை, ஒருவன் மற்றவனின் தொடையில் அடிச்சு விளையாடினதையும் சேர்த்து.

நடந்தால் என்ன செய்யிறது எண்டதையும் அப்பவே சொல்லிக் குடுத்தோம். பேனா முதல், போன் பிறகு. பிள்ளையைப் படுக்க வைச்சுக் காலை உயர்த்துங்கோ; மூச்சு எடுக்கக் கஷ்டம் எண்டால் காலை நீட்டி இருக்கவிடுங்கோ; நல்லாகின மாதிரித் தெரிஞ்சாலும் எழும்பி நடக்க விடாதேங்கோ, திடீரென்று எழும்பினால் இரத்த அமுக்கம் மொத்தமாக விழலாம். 112 அல்லது 118 அடிச்சு முதல் சொல்லாக ‘ஷொக் அனாஃபிலாத்திக்கோ’. பிறகு விலாசம். வியா மக்வேதாவில் கூட்டம் நிறைஞ்ச நேரத்தில் வாகனம் நுழைய இடம் காணாது, ஒழுங்கைகளின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆகவே கதவிலக்கத்தையும் பக்கத்துக் குறுக்குத் தெருவையும் சொல்லி, ஒரு ஆளை மூலைக்கு அனுப்பிக் கை காட்ட விடுங்கோ. நல்லாகினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேணும், சில மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்ப வரலாம்.

சித்தியின் மகனுக்கு இப்ப 16. என்னை விட உயரம். போன சனிக்கிழமை எபிசோட்டைக் கேட்டுவிட்டு வந்து, நல்லாயிருக்கு எண்டான். பேனா எங்கே எண்டு கேட்டேன். பையைத் தட்டிக் காட்டினான். மற்றது?

“ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழ.”

திரும்பவும் முதலில் இருந்து கேட்க வைத்திருக்கிறேன்.

அடுத்த கிழமை சந்திப்பம்.